ஐடியா இருக்கு, ஆள்தான் வேணும்

1769 ஜனவரியில் ஜேம்ஸ் வாட்டின் நீராவி எந்திரத்துக்குக் காப்புரிமை கிடைத்தது. வார்விக், ஸ்டாஃபோர்ட், டெர்பி ஆகிய மூன்று மாவட்டங்களில் மட்டும் அதைச் செய்து விற்கும் உரிமையைத் தருகிறோம் என்று பர்மிங்காம் தொழிலதிபர் மேத்யூ போல்டனிடம் வாட் தரப்பினர் பேசிப் பார்த்தார்கள். பிப்ரவரி 7-ஆம் தேதி போல்டன் பதில் எழுதினார். மூன்று மாவட்டத்துக்கு மட்டும் செய்வது தனக்குக் கட்டுப்படியாகாது, உலகம் முழுமைக்கும் செய்வதென்றால் நன்றாகவே கட்டுப்படியாகும் என்பது அதன் சாரம்.

மறுத்ததோடு அவர் நிற்கவில்லை. அந்த எந்திரம் உருப்பட வேண்டுமானால் மூன்று விஷயங்கள் தேவை என்று அதே கடிதத்தில் சொன்னார்: பணம், மிகத் துல்லியமான வேலைப்பாடு, நாலா பக்கமும் நீளும் வியாபாரத் தொடர்பு. மூன்றும் போல்டனிடம் இருந்தன. பர்மிங்காம் அருகே ஸோஹோவில் பொத்தானிலிருந்து வெள்ளிப் பாத்திரம் வரை செய்யும் பெரிய ஆலையை அவர் நடத்தி வந்தார். அவரிடம் இல்லாதது எந்திர யோசனை ஒன்றுதான். அதற்காக அவர் வாட்டை அவசரப்படுத்தவில்லை. முறையான கூட்டு அமைய மேலும் ஆறு ஆண்டுகள் ஆயின.

இன்று தரமணியிலோ ஓ.எம்.ஆரிலோ நடக்கும் தொழில்முனைவோர் கூட்டங்களில் இதற்கு நேர் எதிரான பேச்சைக் கேட்கலாம். “ஐடியா இருக்கு, மார்க்கெட் இருக்கு, டெக் கோ-ஃபவுண்டர் ஒருத்தர் மட்டும்தான் வேணும்.” சொல்கிறவர் நல்ல படிப்பாளி, விற்பனையில் பழுத்தவர், பேச்சில் கெட்டி. எதிரே நிற்கும் பொறியாளர் வாய்விட்டுக் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: மென்பொருளை நான் எழுதப் போகிறேன், இரவில் சர்வர் விழுந்தால் நான் எழுந்திருக்கப் போகிறேன், அப்படியானால் நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்? “ஐடியா என்னுடையது” என்ற பதில் அவரிடம் எடுபடாது. அவரிடமும் பத்து ஐடியா இருக்கும். தேடும் இடம் சரியில்லாததால் ஆள் அமையாமல் போவது குறைவு, தேடுகிறவர் தன் பங்குக்கு எந்தச் சுமையைத் தூக்கப் போகிறார் என்று சொல்லத் தெரியாததால் அமையாமல் போவதுதான் அதிகம் என்பது என் கணிப்பு. பழைய கூட்டுகள் சிலவற்றைக் கிட்டத்தில் பார்த்தால் அது தெரியும்.

வாட்டின் நிலைமை இன்றைய ஐ.டி. பொறியாளருக்கு அந்நியமானதல்ல. கையில் மகத்தான கண்டுபிடிப்பு, வீட்டில் குடும்பம். சோற்றுக்காகக் கால்வாய் நில அளவைக்குப் போய்க்கொண்டிருந்தார். எந்திர வேலை கிடைத்த நேரத்தில் நகர்ந்தது. முதல் கூட்டாளி ஜான் ரீபக் நல்ல மனிதர். வாட்டின் கடனை அடைத்து, காப்புரிமைச் செலவை ஏற்று, மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொண்டவர். ஆனால் அவருடைய நிலக்கரிச் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து அவரையே மூழ்கடித்துக்கொண்டிருந்தது. தவிர, அவருடைய ஊரில் இந்த எந்திரத்துக்கு வேண்டிய நுணுக்கமுள்ள கைவினைஞர்கள் கிடைக்கவில்லை. உருளைக்கும் பிஸ்டனுக்கும் இடையே நீராவி கசிந்தது. கார்க், எண்ணெய்த் துணி, பழைய தொப்பி என்று எதை எதையோ வைத்து அடைத்துப் பார்த்தார் வாட்.

1773-இல் ரீபக் நொடித்துப் போனார். அவர் போல்டனுக்குத் தரவேண்டிய 1,200 பவுண்டுக்கு ஈடாக எந்திரத்தில் இருந்த பங்கை போல்டன் எடுத்துக்கொண்டார். ரீபக்குக்குக் கடன் கொடுத்த மற்றவர்கள் அந்தப் பங்கைச் செல்லாக்காசாகவே மதித்தார்கள். மனைவியை இழந்திருந்த வாட் 1774-இல் பர்மிங்காம் வந்து சேர்ந்தார். அதே ஆண்டு ஜான் வில்கின்சன் பீரங்கிக் குழாய் துளைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அந்த வழியில் வந்த துளைப்பு எந்திரம் 50 அங்குல விட்டமுள்ள உருளையைக்கூட ஒரு பழைய ஷில்லிங் நாணயத்தின் கனத்துக்கு மேல் பிசகாமல் துளைத்தது. கசிவுக்கு வழி பிறந்தது. வில்கின்சனை வாட்டின் பக்கம் கொண்டுவந்தது போல்டனின் வியாபார உலகம். அந்த உலகத்துக்கு வெளியே உட்கார்ந்திருந்தால் வாட் இன்னும் பத்து ஆண்டு தொப்பியைத் திணித்துக்கொண்டிருந்திருப்பார்.

1775-இல் போல்டன் நாடாளுமன்றத்தில் முயன்று காப்புரிமையை 25 ஆண்டுகளுக்கு, 1800 வரை, நீட்டிக்க வைத்தார். கூட்டின் காலமும் அதே 25 ஆண்டு. உரிமையில் போல்டனுக்கு மூன்றில் இரண்டு, வாட்டுக்கு ஒன்று. சோதனைச் செலவும் முதலீடும் போல்டன் தலையில்; வரைபடம், அளவை, வழிகாட்டல் வாட்டின் பொறுப்பு. கண்டுபிடித்தவனுக்கு மூன்றில் ஒன்றுதானா என்று இன்றைய வாசகருக்குக் கோபம் வரலாம். எனக்கு அதில் அநியாயம் தெரியவில்லை. நஷ்டம் வந்தால் அது முழுவதும் ஒருவரைச் சேரும் என்றிருந்தது. வந்தும் விட்டது. எந்திரத் தொழில் லாபம் காட்டப் பல ஆண்டுகள் பிடித்தன. அதுவரை சொத்தை விற்றும் கடன் வாங்கியும் ஓட்டியவர் போல்டன்.

வாட் ஓரிடத்தில் எழுதினார்: கணக்குத் தீர்ப்பதையும் பேரம் பேசுவதையும்விடக் குண்டு நிரப்பிய பீரங்கியின் முன்னால் நிற்பதே மேல் என்ற பொருளில். அப்படிப்பட்டவர் கார்ன்வால் தாமிரச் சுரங்கக்காரர்களிடம் பணம் வசூலிக்க வேண்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அங்கே நிலக்கரி கிடையாது. கடல் வழியாக வந்து சேர்ந்தது. பழைய நியூகோமன் நீராவி எந்திரத்தோடு ஒப்பிட்டு, மிச்சமாகும் நிலக்கரியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கை ஆண்டுதோறும் கட்டணமாகத் தரவேண்டும் என்பது ஏற்பாடு. எந்திரம் எத்தனை முறை அடித்தது என்று எண்ணும் கருவியைப் பூட்டிய பெட்டிக்குள் வைத்தார்கள். நன்றாக வேலை செய்யும் எந்திரத்துக்கு வருடா வருடம் எதற்குத் தண்டம் என்ற முணுமுணுப்பு சீக்கிரமே எழுந்தது. இன்று மென்பொருளுக்கு மாதச் சந்தா வசூலிப்பவர்கள் கேட்கும் அதே முணுமுணுப்பு. அந்தத் தகராறுகளில் போல்டன் முன்னால் நின்றார். 1781 வாக்கில், சுரங்கத்துக்கு நீர் இறைத்தது போதும், ஆலைச் சக்கரம் சுழற்றும் எந்திரம் செய், லண்டனும் மான்செஸ்டரும் அதற்காகப் பைத்தியமாக அலைகின்றன என்று வாட்டைத் தூண்டியதும் அவரே. வாட்டுக்கு ஆரம்பத்தில் அதில் மனமில்லை. பின்னால் தொழிலை நிலைநிறுத்தியது அந்தச் சுழல் எந்திரம்.

போல்டன் சுமந்தது வாட் வெறுத்த வேலையை. வாட்டை அவரிடம் கட்டிப்போட்டதும் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஆய்வாளர்கள் இந்த விஷயத்தை எண்ணிக்கையாலும் அளந்திருக்கிறார்கள். மார்ட்டின் ரூஃப், ஹோவர்ட் ஆல்ட்ரிச், நான்சி கார்ட்டர் மூவரும் அமெரிக்காவின் 816 நிறுவனர் குழுக்களை ஆராய்ந்து 2003-இல் வெளியிட்ட கட்டுரை கொஞ்சம் சங்கடமானது. ஒருவரிடம் இல்லாத திறமை மற்றவரிடம் இருக்கிறது என்பதற்காக மனிதர்கள் சேர்வதில்லை. தன்னைப் போன்றவரோடும், ஏற்கெனவே நெருங்கியவரோடும் சேர்கிறார்கள். ஒரே ஹாஸ்டலில் தங்கி எம்.பி.ஏ. படித்த மூவர் கம்பெனி தொடங்குவதும், பிறகு டெவலப்பருக்கு அலைவதும் இதனால்தான்.

தெரிந்தவரோடு சேர்வது நல்லதுதானே என்றால், எப்படித் தெரியும் என்பதைப் பொறுத்தது. நோம் வாசர்மன் ஆயிரக்கணக்கான அமெரிக்க ஸ்டார்ட்அப் நிறுவனர்களைப் பற்றித் தரவு திரட்டி 2012-இல் எழுதிய புத்தகத்தில், நட்பாலோ உறவாலோ மட்டும் சேர்ந்த குழுக்கள் சீக்கிரம் கலைகின்றன என்கிறார்; முன்பு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள் சேர்ந்தவை நிலைக்கின்றன. நண்பர்கள் பேச வேண்டியதைப் பேசாமல் தள்ளிப்போடுவதே காரணம். முக்கால்வாசிக் குழுக்கள் தொடங்கிய ஒரு மாதத்துக்குள் பங்கைப் பிரித்துவிடுகின்றன என்பதும் அவருடைய கணக்கு. யார் எவ்வளவு உழைப்பார்கள் என்று ஒருவருக்கும் தெரியாத மாதம் அது. தாமஸ் ஹெல்மனோடு சேர்ந்து அவர் செய்த ஆய்வில், பேச்சில்லாமல் சட்டென்று சமமாகப் பிரித்துக்கொண்ட குழுக்களுக்கு முதலீடு கிடைப்பது கடினமாக இருந்தது தெரிந்தது. சமப் பங்கு தவறு என்பதாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. கஷ்டமான பேச்சைத் தவிர்ப்பவர்கள் என்று முதலீட்டாளர் அவர்களைப் படித்துக்கொள்கிறார் போலும்.

கூட்டாளி இல்லாமல் முடியாது என்ற நம்பிக்கையையும் ஒரு ஆய்வு அசைத்தது. ஜேசன் கிரீன்பெர்க்கும் ஈதன் மோலிக்கும் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டிய தொழில்களைப் பார்த்தபோது, தனி ஆளாகத் தொடங்கியவை குழுவாகத் தொடங்கியவற்றைவிட நீண்ட நாள் தாக்குப் பிடித்தன. தவறான கூட்டாளியைவிடத் தனிமையே மேல் என்று அதை வாசிக்கலாம்.

ஆளைப் பிடித்தால் போதும் என்று இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஹார்வர்டில் ஒரு பிரபலமான உதாரணம் உண்டு. விங்கிள்வாஸ் சகோதரர்களும் திவ்யா நரேந்திராவும் மாணவர்களுக்கான இணையதளம் ஒன்றைத் திட்டமிட்டார்கள். அதற்கு நிரல் எழுதிய மாணவர்கள் ஒருவர் பின் ஒருவராக விலக, 2003 இறுதியில் மார்க் சக்கர்பெர்க்கைப் பிடித்தார்கள். எழுத்தில் ஒப்பந்தம் இல்லை. 2004 பிப்ரவரி 4-ஆம் தேதி சக்கர்பெர்க் தன் சொந்தத் தளத்தைத் திறந்தார். வழக்கு நடந்து 2008-இல் பணமும் பங்குமாகச் சுமார் 65 மில்லியன் டாலருக்குச் சமரசமானது. யார் பக்கம் நியாயம் என்று பலரும் எழுதிவிட்டார்கள். நான் பார்ப்பது வேறு: அந்த ஏற்பாட்டில் சக்கர்பெர்க்கால் தானே செய்துகொள்ள முடியாத எந்த வேலையை மற்ற மூவரும் சுமந்தார்கள்? தேடிப் பார்த்தாலும் கிடைக்கவில்லை.

சுமை பகிர்ந்த பிறகு வரும் கேள்வி அதிகாரம். யார் எதில் ‘முடியாது’ சொல்லலாம்? இதற்கு ஹோண்டாவைவிடத் தெளிவான கதை எனக்குத் தெரியாது.

1949 ஆகஸ்டில் சோய்ச்சிரோ ஹோண்டாவும் தகேயோ ஃபுஜிசாவாவும் சந்தித்தார்கள். ஹோண்டா மெக்கானிக்காக வாழ்க்கையைத் தொடங்கியவர், பட்டறைக்காரர். ஃபுஜிசாவா விற்பனை மனிதர். எந்திரம் உன்னுடையது, காசு என்னுடையது என்பது பேச்சு. ஃபுஜிசாவா முதலும் போட்டார். நிறுவனத்தின் முத்திரையை ஹோண்டா அவரிடமே ஒப்படைத்துவிட்டார். அதைத் தான் பார்த்ததே இல்லை என்று பிற்காலத்தில் சொல்லிக்கொண்டார். அன்றைய ஜப்பானில் முத்திரை இல்லாமல் காசோலையும் நகராது, ஒப்பந்தமும் நகராது. 1954-இல் நிறுவனம் மூழ்கும் நிலைக்குப் போனபோது ஹோண்டா பந்தயம் பார்க்க ஐல் ஆஃப் மேன் தீவுக்குப் போனார். வங்கியையும் உதிரிப்பாகம் தருபவர்களையும் சமாளித்தது ஃபுஜிசாவா.

1958-இல் வந்த சூப்பர் கப் இந்தக் கூட்டின் அருமையான விளைச்சல். சோபா நூடுல்ஸ் கடைப் பையன் ஒரு கையில் தட்டைத் தூக்கிக்கொண்டே மறு கையால் ஓட்டக்கூடிய வண்டி வேண்டும் என்பது முன்வைத்த தேவை. ஒரு கையால் ஓட்ட வேண்டும் என்றால் இடக்கையில் கிளட்ச் இருக்க முடியாது. அதிலிருந்து தானியங்கி கிளட்ச் பிறந்தது. தொழில்நுட்பம் தெரியாத நிறுவனர் பொறியாளருக்குத் தரக்கூடிய ஆகப் பெரிய உதவி இதுதான்: தீர்வைச் சொல்லாமல், விட்டுக்கொடுக்க முடியாத ஒரு தேவையை அவர் கண்முன் நிறுத்துவது. அந்த வண்டிக்காக மாதம் 30,000 உற்பத்தி செய்யும் ஆலையை சுஸுகாவில் கட்ட வைத்ததும் ஃபுஜிசாவாவின் தைரியம்.

பிறகு 1969. ஹோண்டா எச்1300 கார். காற்றால் குளிரும் எஞ்சின்தான் வேண்டும் என்று தலைவர் பிடிவாதமாக இருந்தார். இளம் பொறியாளர்கள் நீரால் குளிரும் எஞ்சின் இல்லாமல் இனி வரும் புகைக் கட்டுப்பாட்டைத் தாண்ட முடியாது என்றார்கள். தலைவர் மசியவில்லை. பொறியாளர்கள் ஃபுஜிசாவாவிடம் போனார்கள். அவருக்கு எஞ்சின் தெரியாது; அதனால் எஞ்சினைப் பற்றி வாதாடவும் இல்லை. ஹோண்டாவிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: நீங்கள் இந்த நிறுவனத்தின் தலைவராக இருக்கப் போகிறீர்களா, பொறியாளராக இருக்கப் போகிறீர்களா? கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலைவராகவே என்றார் ஹோண்டா. அப்படியானால் நீர் குளிர்விப்பையும் செய்யவிடுங்கள் என்றார் இவர். விட்டார். சிவிக் காரும், அமெரிக்காவின் 1975 புகை விதிகளை முதலில் எட்டிய சி.வி.சி.சி. எஞ்சினும் அந்த வழியில் வந்தன. அன்று எதிர்த்து நின்ற பொறியாளர்களில் ஒருவரான ததாஷி குமே 1983-இல் ஹோண்டாவின் தலைவரானார்.

இருபது ஆண்டு கூட்டாளியாக இருந்த ஒருவரால் மட்டுமே அப்படிக் கேட்க முடியும். சம்பளத்துக்கு வந்தவர் கேட்டால் வேலை போகும். போன மாதம் சேர்ந்த பங்காளி கேட்டால் சண்டை வரும்.

சென்னைக்கு வருவோம். 2010-இல் ஃபிரெஷ்டெஸ்க்கைத் தொடங்கிய கிரிஷ் மாத்ருபூதமும் ஷான் கிருஷ்ணசாமியும் அதற்கு முன் ஸோஹோ மென்பொருள் நிறுவனத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர்கள். ஃபிரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறி 2021 செப்டம்பரில் நாஸ்டாக்கில் பட்டியலான நிறுவனத்தின் அடித்தளத்தில் இருப்பது இந்தப் பழைய அலுவலகப் பரிச்சயம். வாசர்மனின் கண்டுபிடிப்புக்கு உள்ளூர்ச் சான்று என்று சொல்லலாம். பத்தாண்டு வேலை பார்த்தும், உங்களோடு மறுபடி வேலை செய்யத் தயார் என்று சொல்லும் பொறியாளர் ஒருவர்கூட இல்லையென்றால், அதை அந்நியர்களைத் தேடப் புறப்படுமுன் யோசிக்க வேண்டும்.

இங்கே இன்னொரு தடையும் உண்டு. எட்டு வருட அனுபவமுள்ள பொறியாளருக்கு வீட்டுக்கடன் ஈ.எம்.ஐ. ஓடிக்கொண்டிருக்கும், அப்பா அம்மாவின் மருத்துவச் செலவு இருக்கும். கல்யாணமாகாதவர் என்றால், “எந்தக் கம்பெனி?” என்று பெண் வீட்டார் கேட்கும் கேள்விக்குப் பதிவாகாத ஒரு பெயரைச் சொல்லவேண்டி வரும். அவரிடம் பாதிப் பங்கு தருகிறேன் என்று சொல்வதைவிட, பதினெட்டு மாதத்துக்குப் பாதிச் சம்பளமாவது தருகிறேன், அந்தப் பணத்தைத் திரட்டுவது என் பாடு என்று சொல்வது அதிகம் எடுபடும். போல்டன் செய்தது அதைத்தான்.

ஆளை எப்படி எடைபோடுவது? நிரல் எழுதத் தெரியாதவர் நிரலைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் பொறியாளர் கேட்கும் கேள்விகளைப் பார்க்கலாம். கோயம்பேடு மண்டிக்காரர்களுக்கு வரவு, பாக்கி, கமிஷன் கணக்குக்கு ஓர் ஆப் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பொறியாளர் எந்த டேட்டாபேஸ், எந்த கிளவுட் என்று தொடங்குகிறார். இன்னொருவர், லாரி எத்தனை மணிக்கு வரும், சிட்டை எழுதுவது முதலாளியா கணக்குப்பிள்ளையா, ஈரக் கையோடு போனைத் தொடுவாரா என்று கேட்கிறார். விடியற்காலை மூன்று மணிக்குச் சந்தைக்கு வந்து நின்று பார்க்கிறேன் என்கிறார். பார்த்துவிட்டு, இப்போதைக்கு ஆப்பே வேண்டாம், சிட்டையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள், இரண்டு மாதம் நாமே தட்டச்சு செய்து கணக்கைத் திருப்பி அனுப்புவோம் என்கிறார். இரண்டாமவரை விடக்கூடாது. முதலாமவர் திறமைசாலியாக இருக்கலாம். பின்னால் வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம். அந்த இரண்டு மாதத்தில் மண்டிக்காரர்களிடம் தினமும் பேசிச் சம்மதிக்க வைத்தாரா, அவர்கள் திட்டியபோது முன்னால் நின்றாரா என்று தேடி வந்தவரையும் இரண்டாமவர் எடைபோட்டுக்கொண்டிருப்பார்.

பங்கு பற்றிய பேச்சு அதற்குப் பின் வரட்டும். நான்கு ஆண்டில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொந்தமாகும், முதல் ஆண்டு முடியும் முன் விலகினால் ஒன்றும் இல்லை என்ற வெஸ்டிங் ஏற்பாடு இப்போது பரவலாகிவிட்டது. ஐடியாவுக்குச் சொந்தக்காரரும் அதே விதிக்குக் கட்டுப்பட வேண்டும்; பொறியாளருக்கு மட்டும் என்றால் அது கூட்டு இல்லை, கங்காணி வேலை.

இந்தியச் சட்டத்தில் இரண்டு இடங்களைக் கவனிக்காமல் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின்படி நிரல் எழுதியவரே அதன் முதல் உரிமையாளர். வேலை ஒப்பந்தத்தின் கீழ் ஊழியராக எழுதியிருந்தால் மட்டுமே அது முதலாளிக்குப் போகும். கம்பெனி பதிவாகுமுன் எழுதியது எழுதியவருடையது. அவர் அப்போது வேறிடத்தில் வேலையில் இருந்தால் அந்த முதலாளியே உரிமை கோரக்கூடும். கம்பெனிக்கு மாற்றித் தருவது எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் 19-ஆம் பிரிவு அதை ஐந்து ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும். எந்த நாடுகளுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். இணையத்திலிருந்து இறக்கிய மாதிரிப் பத்திரத்தில் இந்த இரண்டு வரியும் விட்டுப்போயிருந்தால், ஆறாம் ஆண்டில் முதலீட்டாளரின் வழக்கறிஞர் அதைக் கண்டுபிடிப்பார்.

இன்னொன்று ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு. தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் பொதுவாகச் செல்லாது என்கிறது அது. விலகும் கூட்டாளி அடுத்த தெருவில் அதே தொழிலைத் தொடங்கினால், போட்டிக்கு வரமாட்டேன் என்று அவர் எழுதிக் கொடுத்த தாளை நம்பி நீதிமன்றம் போவதில் பயனிருக்காது. அந்த நிலையில் கையில் மிஞ்சுவது கம்பெனி பெயருக்கு முறையாக மாறிய நிரலும், வெஸ்டிங் முடியாததால் திரும்பி வரும் பங்கும்தான். எனவே ஒருவர் விலகும் நிலைகளை, உடல்நலம், வெளிநாட்டு வேலை, வீட்டு நெருக்கடி, மனஸ்தாபம் என்று தனித்தனியாகப் பேசி, ஒவ்வொன்றிலும் பங்கு என்ன ஆகும் என்று கம்பெனியைப் பதிவு செய்யுமுன் எழுதிவிட வேண்டும். அந்தப் பேச்சை எடுக்க வேண்டியவர் தேடி வந்தவர். பொறியாளர் எடுத்தால் இன்னும் சேரவே இல்லை, அதற்குள் போகப் பார்க்கிறார் என்று தோன்றிவிடும். தவிர, ஒப்பந்தம், பணம், பத்திரம் எல்லாம் தன் பாடு என்று சொல்லித்தானே அவர் கூட்டுக்கு அழைத்தார்.